முழங்கால் உயரத் தீ, முப்பதாண்டுக் காயம்

வெப்பமண்டலக் காடுகளைத் தீ எப்படிச் சிதைக்கிறது என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெரும்பாலான கேள்விகள் அமேசானைப் பற்றியவை. போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தான், நம் முதுமலை, இலங்கையின் ஊவா மலைகள் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்.

மழைக்காடு என்றாலே ஈரம்தானே? ஆண்டு முழுக்க நனைந்து கிடக்கிற அமேசானில் எப்படித் தீப்பிடிக்கிறது?
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

கை படாத மழைக்காட்டில் சாதாரண ஆண்டில் தீ பிடிக்காது. பற்றவைத்தாலும் சில அடி போய் அணைந்துவிடும். உங்கள் சந்தேகம் அந்த அளவில் சரியானது.

அணைந்துவிடுவதற்குக் காரணம், காட்டின் கூரை. முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வெயிலும் காற்றும் தரைவரை வருவதில்லை. மழை நின்று வாரக்கணக்கானாலும் சருகு ஈரமாகவே இருக்கும். சருகின் ஈரம் ஏறக்குறைய கால் பங்குக்குக் கீழே இறங்கினால்தான் தீ தானாக நகரும். அடர்ந்த காட்டில் அது எளிதில் நடக்காது. மரங்கள் வேரை ஆழமாக விடுவதும் இதற்குத் துணை. பிரேசிலின் பாரா மாநிலத்தில் பாராகோமினாஸ் பகுதியில் குழி வெட்டிப் பார்த்தபோது 18 மீட்டர் ஆழத்திலும் வேர் இருந்தது. கோடையில் மேல்மண் வறண்டாலும் அடிமண்ணின் நீரை எடுத்து இலையைக் காப்பாற்றிக்கொள்கின்றன. இலை உதிராமல் இருந்தால் கூரை மூடியே இருக்கும். கூரை மூடியிருந்தால் சருகு காயாது.

இந்தச் சங்கிலி அறுவது மனிதர் கை வைக்கும்போதுதான். அதே பாராகோமினாஸில் 1980களின் பிற்பகுதியில் அளந்து பார்த்தார்கள். விலைமரங்களை மட்டும் தேர்ந்து வெட்டிய காட்டில், மழை நின்ற ஐந்தாறு நாளில் தரை தீப்பிடிக்கும் நிலைக்கு வந்தது. பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு நாளே போதுமாக இருந்தது. கை படாத காடோ, அந்தக் கோடை முழுவதும் பற்றும் நிலைக்கு வரவில்லை. ஒரே வானம், ஒரே மழை. மேலே கூரையில் ஓட்டை விழுந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

தீக்குச்சியும் மனிதருடையதுதான். அங்கே மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால், மின்னலால் பற்றுவது அரிது. மேய்ச்சல் நிலத்தைப் புதுப்பிக்க வைக்கும் தீ, வெட்டிச் சாய்த்த மரத்தைக் கொளுத்தும் தீ, சிறு விவசாயி மரவள்ளி போடுவதற்காக வைக்கும் தீ ஆகியவை எல்லை தாண்டி உள்ளே போகின்றன. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளான 1997-98, 2015-16, 2023-24 ஆகியவற்றில் மழை பொய்த்து, கை படாத காட்டின் சருகும் காய்ந்தது. அப்போது எல்லை தாண்டிய தீயை நிறுத்த உள்ளே எதுவும் இல்லை.

தொலைக்காட்சியில் அமேசான் தீ என்று காட்டும்போது வானளாவிய சுவாலை தெரிகிறது. உள்ளே காட்டிலும் அப்படித்தான் எரியுமா?
(கோவை வாசகர்)

நீங்கள் பார்க்கும் பெருஞ்சுவாலை பெரும்பாலும் ஏற்கெனவே வெட்டிச் சாய்த்து, மாதக்கணக்கில் காயப்போட்ட மரக்குவியல் எரிவது. அது காட்டை அழித்த பிறகு நடக்கும் கடைசி வேலை. நிற்கிற காட்டுக்குள் முதல்முறை நுழையும் தீ வேறு வகை. அதன் சுவாலை கணுக்காலிலிருந்து முழங்கால் உயரம், அதாவது 10 முதல் 50 சென்டிமீட்டர். நிமிடத்துக்குக் கால் மீட்டர் அளவில், மணிக்கு 15 மீட்டர்தான் நகர்கிறது. தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போய்விடலாம். இரவில் ஈரம் ஏறியதும் தணிந்து, மறுநாள் நண்பகலில் மறுபடி எழும்.

'சருகுதானே எரிகிறது, மரத்துக்கு என்ன ஆகும்' என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பால் கைவிடப்பட்ட காடுகள் ஏராளம். மரத்தைக் கொல்ல உயரமான சுவாலை வேண்டியதில்லை. மெதுவாக நகரும் சுவாலை போதும். எப்படி என்று கணக்காகவே பார்த்துவிடலாம்.

பட்டைக்கு உள்ளே, கட்டைக்கு வெளியே, ஈரமான மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று மரத்தைச் சுற்றி இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். அது ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செத்துவிடும். வெளியே நெருப்புப் பட்டதிலிருந்து உள்ளே அந்த வெப்பம் போய்ச் சேரும் நேரம், பட்டைத் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. சென்டிமீட்டரில் தடிமனை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 2.9-ஆல் பெருக்கினால் நிமிடம் வரும். அரை சென்டிமீட்டர் பட்டை முக்கால் நிமிடம்கூடத் தாங்காது. ஒரு சென்டிமீட்டர் மூன்று நிமிடம். இரண்டு சென்டிமீட்டர் பதினொன்றரை நிமிடம். மூன்று சென்டிமீட்டர் 26 நிமிடம்.

அமேசான் மழைக்காட்டில் பெரும்பாலான மரங்களுக்குப் பட்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தீயோடு வாழ்ந்து பழகாத காடு. தடித்த பட்டைக்கு அங்கே தேவையே இருந்ததில்லை. நிமிடத்துக்குக் கால் மீட்டர் நகரும் தீ, அரை மீட்டர் குறுக்களவுள்ள மரத்தைக் கடக்கவே இரண்டு நிமிடம் எடுக்கும். மரத்தடியில் சருகு குவிந்திருந்தால் சுவாலை போன பிறகும் கனன்றுகொண்டிருக்கும். சுற்றிலும் உயிர்ப்படலம் வெந்துவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது. மரம் நின்றபடியே பட்டினியில் சாகிறது. மரத்தைக் கொல்ல நம் ஊரில் அடிப்பட்டையை வளையமாக உரித்துவிடுவார்களே, கிட்டத்தட்ட அதையே இந்தத் தீ செய்கிறது.

பக்கத்திலேயே இருக்கும் செராடோ புல்வெளிக்காட்டில் மரங்களுக்குத் தக்கைபோலத் தடித்த பட்டை. அங்கே இதைவிட உயரமான தீ வந்தாலும் மரங்கள் தப்பிக்கின்றன. தீயின் உயரத்தை வைத்துச் சேதத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எரிந்த இடம் ஓரிரு ஆண்டில் பச்சையாகிவிடுகிறதே. பிறகு ஏன் காடு சிதைந்துவிட்டது என்கிறார்கள்?
(ஈரோடு வாசகர்)

பச்சை திரும்புகிறது, உண்மை. திரும்பி வருவது அதே காடா என்பதுதான் கேள்வி.

முதல் சில மாதங்களில் நாற்றுகளும், கைத்தடிப் பருமனுள்ள இளமரங்களும், கொடிகளும் சாகின்றன. பெரிய மரங்கள் நிற்கின்றன. பார்ப்பவர் தப்பித்தது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் பெரிய மரங்கள் வரிசையாகச் சாயும். ஓராண்டில் எடுத்த கணக்கோடு நிறுத்தியவர்கள், இழந்த மரத்தின் எடையைப் பாதியளவே கணித்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. பெருமரம் ஒன்று விழும்போது பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். கூரையில் ஓட்டை பெரிதாகும்.

அந்த ஓட்டையில் முதலில் முளைப்பவை செக்ரோபியா போன்ற அவசர மரங்கள். உள்ளே பொந்துள்ள தண்டு, குடைபோல இலை, சட்டென்று வளர்ச்சி, குறைந்த ஆயுள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டிய இடங்களில் முளைக்கும் வட்டக்கண்ணி இதே குணமுடையது. வானிலிருந்து பார்த்தால் அடர்பச்சை. ஆனால் ஒரு கன அடி கட்டையின் எடை பழைய மரத்தில் இருந்ததில் சிறு பங்குதான்.

எரிந்த அமேசான் காடுகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து அளந்ததில், தீப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டு கழிந்தும் அவற்றின் மரநிறை எரியாத காட்டைவிட 25 விழுக்காடு குறைவாகவே இருந்தது. காற்றில் கலக்கும் கார்பனிலும் இதே மறைவு உண்டு. தீ எரியும் நாளில் புகையாகப் போவது சிறு பகுதி. ஏறத்தாழ முக்கால் பங்கு, அதன் பிறகு செத்து மட்கும் மரங்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிகிறது. புகை அடங்கியதும் கணக்கை மூடிவிட்டால் பெரும்பகுதி விட்டுப்போகும்.

தபஜோஸ் ஆறு அமேசானில் கலக்கும் சாந்தரேம் வட்டாரம் 2015-16-இல் பட்டதைச் சொன்னால் அளவு புரியும். பிரேசில் அமேசானில் 1.2 விழுக்காடு மட்டுமே உள்ள அந்தப் பரப்பில், வறட்சியும் தீயும் சேர்ந்து சுமார் 250 கோடி மரங்களையும் கொடிகளையும் கொன்றன. வெளியான கரியமில வாயு 49.5 கோடி டன். எரிக்கா பெரெங்கர், ஜோஸ் பார்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஏற்கெனவே அங்கே குறியிட்டு அளந்து வைத்திருந்த மரங்களைத் திரும்பத் திரும்பப் போய் எண்ணியதால் கிடைத்த கணக்கு இது.

உயிரினங்களையும் விட்டுவிட முடியாது. நிழலான தரைமட்டத்தில் பூச்சி பிடித்து வாழும் சிறு பறவைகள் எரிந்த காட்டிலிருந்து மறைகின்றன. பெரிய கொட்டையுள்ள பழங்களைத் தின்று விதை பரப்பும் விலங்குகள் வரத்து குறைந்தால், அந்த மரங்களின் அடுத்த தலைமுறை வந்து சேராது. சின்ன விதையை எச்சத்தில் போடும் பறவைகளும் வௌவால்களும் மட்டும் மிஞ்ச, சின்ன விதை மரங்களே பெருகும்.

ஒரு தடவை எரிந்த காடு மறுபடி எரிந்தால்? முதல் தீயிலேயே எரிபொருள் தீர்ந்துவிடாதா?
(மதுரை வாசகி)

இந்தத் தலைப்பில் நாங்கள் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதலாம் என்றால், இதைத்தான் எடுத்திருப்போம்.

எரிபொருள் தீராது, கூடும். முதல் தீயில் எரிந்தது மேலாகக் கிடந்த சருகு. அது கொன்ற மரங்களின் இலை, கிளை, தண்டு அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் தரைக்கு வந்து சேர்கின்றன. மேலே ஓட்டை விழுந்ததால் வெயில் இறங்கி, காற்றும் புகுந்து அவற்றைக் காயவைக்கிறது. எனவே இரண்டாம் தீ உயரமாகவும் வேகமாகவும் வரும். முதல் தீ விட்டுவைத்த தடித்த பட்டைப் பெருமரங்களையும் அது கொல்லும். முதல் தீயில் பட்டை கருகி ஒரு பக்கம் காயம் பட்ட மரம், இரண்டாம் தீயில் அந்தக் காயம் வழியாக உள்ளே எரிந்து ஒடிகிறது.

பிரேசிலின் மாட்டோ கிராஸ்ஸோ மாநிலத்தில் தாங்குரோ பண்ணையில் 2004 முதல் 2010 வரை இதை வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். பக்கம் பக்கமாக மூன்று துண்டுக் காடு, ஒவ்வொன்றும் 50 ஹெக்டேர். ஒன்றைத் தொடவில்லை. ஒன்றை ஏறக்குறைய ஆண்டுதோறும் எரித்தார்கள். இன்னொன்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை, அதாவது 2004, 2007, 2010-இல் எரித்தார்கள். ஆண்டுதோறும் எரிந்ததைவிட மூன்றாண்டுக்கு ஒருமுறை எரிந்த துண்டில்தான் சேதம் அதிகம். இடைவெளியில் சருகும் சுள்ளியும் சேர்ந்ததே காரணம். 2007 கடும் வறட்சி ஆண்டு. அந்த ஓர் ஆண்டுத் தீயில் மரச்சாவு பல மடங்கு எகிறியது. 2004-இல் அதே காட்டில் வைத்த தீ அந்தச் சேதத்தைச் செய்யவில்லை. ஆக வறட்சியும் தீயும் ஒன்றாக வரும் ஆண்டுதான் காட்டின் போக்கை மாற்றுகிறது.

பிறகு வந்தது புல். வயலை ஒட்டிய ஓரத்தில் கூரை கலைந்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவந்த புல்வகைகள் உள்ளே நுழைந்தன. நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கும் கினியா புல்லும் பிரேசிலில் இப்படித் தப்பிப் பரவியவற்றில் ஒன்று. புல் ஒரே நாளில் காயும், ஆள் உயரத்துக்கு எரியும், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதன் நடுவே மரக்கன்று தலை தூக்க முடியாது.

போர்னியோவில் இந்த வேலையைச் செய்வது அலாங்-அலாங் என்று அங்கே சொல்லும் புல். தர்ப்பை என்ற பெயரில் இங்கே வழங்கும் புல்களில் ஒன்று அதுதான். அதன் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் இருப்பதால் தீ அதை ஒன்றும் செய்வதில்லை.

அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவின் வெள்ளச் சமவெளிக் காடுகள் இன்னும் பலவீனமானவை. ஆண்டில் பாதி நீரில் நிற்கும் அந்த மரங்களுக்குத் தரைமேல் மெத்தைபோல வேர்ப்பின்னல் உண்டு. வற்றிய காலத்தில் தீ அந்த மெத்தைக்குள் புகுந்துவிட்டால் மரம் ஒன்றும் மிஞ்சாது. பார்செலோஸ் ஊரை ஒட்டிய பகுதியில் இருமுறை எரிந்த இடங்களில், ஆண்டுதோறும் வரும் வெள்ளம் களிமண்ணை அரித்துப்போய் வெண்மணல் தங்கிவிட்டது. மணல்மேல் இப்போது புல்வெளி.

ஆகவே முதல் தீ பட்ட காட்டை 'போனது போனதுதான்' என்று விடுவது பெரிய தவறு. அது இன்னும் காடுதான். இரண்டாவது தீயைப் பத்து, இருபது ஆண்டு வரவிடாமல் தடுத்தால் கூரை மறுபடி மூடும்.

அமேசான் உலகின் நுரையீரல், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான் தருகிறது என்கிறார்களே?
(சேலம் வாசகர்)

இல்லை. அந்தக் காடு வெளிவிடும் ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட முழுவதும் அங்குள்ள மரங்களும் மண்ணில் மட்கவைக்கும் நுண்ணுயிர்களும் தாமே செலவழித்துவிடுகின்றன. அமேசானைக் காக்கக் காரணம் அது பிடித்து வைத்திருக்கும் கார்பன், அது ஆவியாக மேலே அனுப்பித் தென் அமெரிக்காவுக்குத் தரும் மழை, அதற்குள் வாழும் உயிர்கள். இந்த மூன்றும் போதாதா?

இந்தோனேசியாவில் எரிந்தால் எங்களுக்குப் புகைமூட்டம் வாரக்கணக்கில் நிற்கிறது. மழை பெய்தும் அணையவில்லை என்கிறார்கள். ஏன்?
(கிள்ளான் வாசகர், மலேசியா)

அங்கே எரிவது மரம் மட்டுமல்ல, தரையே எரிகிறது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த மரமும் வேரும் இலையும் நீரில் ஊறி, மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட் நிலம் உண்டு. சில இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் ஆழம். நீரில் ஊறியிருக்கும்வரை அது எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் விறகு.

1990களின் நடுவில் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக்காட்டை நெல்வயலாக்கும் திட்டத்தைச் சுஹார்த்தோ அரசு தொடங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, நிலம் வறண்டது. 1997 எல் நினோவில் அங்கே சராசரியாக அரை மீட்டர் ஆழத்துக்கு மண்ணே எரிந்து போயிற்று. அந்த ஆண்டு இந்தோனேசிய பீட் நிலமும் அதன் மேலிருந்த காடும் வெளிவிட்ட கார்பன் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன்வரை இருக்கும் என்று கணித்தார்கள். 2015-இல் நாடு முழுவதும் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது.

பீட் தீக்குச் சுவாலை இல்லை. காற்று குறைவாகக் கிடைப்பதால் உள்ளே கனன்று ஊர்கிறது. அரைகுறையாக எரிவதால்தான் அவ்வளவு புகை. மேலே நிற்கும் மரத்துக்கு வேர் பிடித்திருக்கும் மண்ணே இல்லாமல் போய், பச்சை இலையோடு சாய்ந்துவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த பீட் தண்ணீரை உறிஞ்சாமல் ஒதுக்கும். மாடித்தோட்டத்துக்கு வாங்கும் கோகோபீட் கட்டியைக் காயவிட்டு மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதலில் வழிந்து ஓடும். இதுவும் அப்படி. தூறல் மேற்பரப்பை நனைத்துவிட்டுப் போகும், அடியில் கங்கு இருக்கும். நிலத்தடி நீர் ஏறி வந்தால்தான் முழுக்க அணையும். அதனால்தான் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணிக்கு 2016-இல் இந்தோனேசியா தனி அமைப்பு நிறுவியது. பயிரிடும் பீட் நிலத்தில் நீர்மட்டம் தரைக்கு 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி.

புகை நாட்களில் துணி முகக்கவசமும் சாதாரண அறுவைசிகிச்சைக் கவசமும் அந்த நுண்துகளைப் போதிய அளவு தடுப்பதில்லை. என்95 வகையை மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள்.

முதுமலையிலும் பந்திப்பூரிலும் ஆண்டுதோறும் எரிகிறது, மறுபடி துளிர்க்கிறது. அப்படியானால் நம் காட்டுக்குத் தீ நல்லதா?
(பள்ளி ஆசிரியர், கூடலூர்)

முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர்காடு. தேக்கு, வேங்கை, நெல்லி போன்றவை நீண்டகாலமாகத் தீயோடு வாழ்ந்தவை. பெரிய மரத்துக்குப் பட்டை தடிப்பு. சிறியது மேலே கருகினாலும் வேரிலிருந்து மறுபடி முளைவிடும். இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1988 முதல் முதுமலையில் 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கவனித்துவருகிறார்கள். தீயில் பெருமரங்கள் அதிகம் சாவதில்லை, விரற்கடைத் தண்டுகளே சாகின்றன என்பது அங்கே கண்டது. அமேசானின் அளவுகோலை இங்கே வைக்க முடியாது.

ஆனாலும் 'நல்லது' என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுமலையில் ஓர் இடம் மறுபடி எரிய ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. 1989-2002 காலத்தில் அது சுமார் மூன்றேகால் ஆண்டாகச் சுருங்கியது. வேரிலிருந்து முளைத்த தண்டு, தீயைத் தாங்கும் பருமனுக்கு வருவதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. முதிய மரம் நிற்கும், அதற்கு வாரிசு இருக்காது. கூடவே உண்ணிச்செடி புதர் மண்டி, தரைத்தீயை மரக்கொப்புவரை ஏற்றிவிடும் ஏணியாகிறது.

சோலைக்காடு முற்றிலும் வேறு. அதன் மரங்கள் அமேசான் மரங்களைப் போன்றே மெல்லிய பட்டை உடையவை. ஈரத்தால் உள்ளே தீ போவதில்லை. ஆனால் சுற்றியுள்ள புல் எரியும்போதெல்லாம் ஓரம் ஓரடி தின்னப்படுகிறது.

மாணவர்களுக்குச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தனர். மலைச்சரிவில் காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும்; சுவாலை சாய்ந்து முன்னாலிருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. சரிவில் தீயைக் கண்டால் மேலே ஓடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருப்பு நிலத்துக்கோ பாறைத்திட்டுக்கோ போக வேண்டும்.

எங்கள் காபித் தோட்டத்து நிழல்மரங்களில் அடுத்த காட்டிலிருந்து வந்த தீ பட்டு அடிப்பாகம் கருகிவிட்டது. மரம் பிழைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(தாண்டிக்குடி வாசகர்)

இலை வாடியதை வைத்தோ துளிர்த்ததை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். உணவு சேமிப்பு இருக்கும்வரை செத்துக்கொண்டிருக்கும் மரமும் துளிர்விடும்.

தீ பட்டு மூன்று நான்கு வாரம் கழித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மரத்தின் நான்கு பக்கமும் சிறிய உளியால் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பட்டையைச் செதுக்கிப் பாருங்கள். கட்டைக்கு மேலுள்ள படலம் ஈரமாக, வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி, வழவழத்து, புளித்த வாடை வந்தால் அந்தப் பக்கம் செத்துவிட்டது. சரிவில் மேட்டுப்பக்கத்தில்தான் சருகு ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கம் அதிகம் வெந்திருக்கும், அங்கே தவறாமல் பாருங்கள். நான்கில் ஒன்று செத்திருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். மூன்று செத்திருந்தால் நம்பிக்கை குறைவு. நான்கும் என்றால், மேலே பச்சை தெரிந்தாலும் விழப்போகும் மரம். பாதைக்கும் குடியிருப்புக்கும் பக்கத்தில் இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள்.

மற்றவற்றை இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டால் நிழல் போய், புல் வந்து, அடுத்த தீக்கு வழி திறந்துவிடும். கருகிய இடத்தில் சாம்பல் உரம் என்று உடனே கொத்திவிட வேண்டாம். சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் உண்டு, தழைச்சத்து புகையோடு போய்விட்டது. கொத்திய சரிவில் முதல் கனமழை சாம்பலையும் மேல்மண்ணையும் சேர்த்தே இழுத்துப்போகும். விழுந்த கிளைகளைச் சரிவுக்குக் குறுக்காக அடுக்குங்கள்.

ஊவா மலைகளில் ஆடி, ஆவணியில் மானாப்புல் பற்றி எரிவது வழக்கமாகிவிட்டது. பக்கத்துக் காட்டுத்துண்டுகளை எப்படிக் காப்பது?
(பதுளை வாசகர்)

வறண்ட கச்சான் காற்று வீசும் முன்பே, வைகாசிக்குள், காட்டோரத்தை ஒட்டிய புல்லை ஆறேழு மீட்டர் அகலத்துக்கு அறுத்து அப்புறப்படுத்துங்கள். அறுத்த புல்லை அங்கேயே போடுவதால் பயனில்லை. காட்டோரப் புதரை 'துப்புரவு' என்று வெட்டாதீர்கள். காற்றையும் வெயிலையும் உள்ளே விடாமல் தடுக்கும் கதவு அந்தப் புதர்தான்.

எரிந்த பரப்பு பற்றி ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு எண். எதை நம்புவது?
(சென்னை வாசகர்)

மூன்று வேறு பொருள்களை ஒரே பெயரில் சொல்வதால் வரும் குழப்பம். செயற்கைக்கோள் காட்டும் 'தீப்புள்ளி' ஒரு சூடான சதுரம், அவ்வளவே. பழைய மோடிஸ் கருவிக்கு ஒரு கிலோமீட்டர், விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். அதில் வெட்டிய குவியல் எரிகிறதா, மேய்ச்சல் நிலமா, நிற்கும் காடா என்று அது சொல்லாது. முழங்கால் உயரத் தீ கூரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பல சமயம் புள்ளியாகவே பதிவாவதில்லை. அடுத்தது 'காடழிப்பு', பிரேசிலின் ஆண்டுக் கணக்கு முழுக்க மொட்டையடித்த பரப்பைத்தான் எண்ணுகிறது. மூன்றாவது 'சிதைவு', மரம் நிற்கிறது, காடு குன்றிவிட்டது. 2023-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, மிச்சமிருக்கும் அமேசான் காட்டில் 38 விழுக்காடு தீ, காட்டோரங்களில் வரும் பாதிப்பு, மரவெட்டு, கடும் வறட்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் சிதைந்திருக்கிறது என்றது. காடழிப்பு குறைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது இந்த மூன்றாவது எண்ணைத் தேடுங்கள்.

2024-இல் வெப்பமண்டலத்தில் 67 லட்சம் ஹெக்டேர் கை படாத காடு அழிந்ததாக மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் கணக்கு சொல்கிறது. அதில் ஏறக்குறைய பாதிக்குத் தீ காரணம். விவசாய விரிவாக்கத்தைப் பின்தள்ளித் தீ முதலிடத்துக்கு வந்தது அந்தக் கணக்கில் அதுவே முதல்முறை.

அவ்வளவு பெரிய காட்டில், உள்ளே புகுந்த தீயை மனிதரால் அணைக்க முடியுமா?
(தூத்துக்குடி வாசகி)

சுவாலை முழங்கால் உயரத்தில் இருக்கும்வரை முடியும், அதுவும் விமானம் இல்லாமல். மேலிருந்து கொட்டும் தண்ணீர் அடர்ந்த கூரையிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். தரையில் நிற்கும் ஆள்தான் அணைக்க வேண்டும். பிரேசிலில் சுற்றுச்சூழல் முகமையின் கீழ் 1989-இல் தொடங்கிய பிரெவ்ஃபோகோ என்ற தீத்தடுப்பு அமைப்பு இப்படிப்பட்ட குழுக்களை நடத்துகிறது. அவர்களில் கணிசமானோர் பழங்குடியினர்.

தீமுகத்துக்கு முன்னால் சருகையும் வேர்ப்பின்னலையும் வாரி, வெறும் மண் தெரியும்படி ஒரு மீட்டர் அகலத்துக்குக் கோடு எடுப்பார்கள். மழைக்காட்டின் முதல் தீக்கு இந்த அகலமே போதும். ஏற்கெனவே எரிந்த காட்டில் போதாது, புல் இருந்தால் அறவே போதாது. சருகைத் தீயின் பக்கம் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். வாருகோல், வெட்டுக்கத்தி, முதுகில் சுமக்கும் 20 லிட்டர் கைப்பம்பு, இலை ஊதும் இயந்திரம் ஆகியவைதான் கருவி. நம் வனத்துறைக் காவலர்களும் இப்போது இந்த ஊதும் இயந்திரத்தைத்தான் முதுகில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். காற்றைச் சருகின் மேல் ஊதித் தரையை வெறுமையாக்கலாம்; கனன்றுகொண்டிருக்கும் கட்டையின் மேல் ஊதினால் தீப்பொறி கோட்டைத் தாண்டும். வேலைக்கு உகந்த நேரம் மாலை முதல் விடியல்வரை, ஈரம் ஏறிச் சுவாலை படுத்திருக்கும்போது.

தோற்பது பெரும்பாலும் அணைத்த பிறகுதான். எரிந்த மரம் கோட்டின் குறுக்கே விழும். வாடிய இலை உதிர்ந்து கோட்டை மூடும். சாய்ந்த பெருங்கட்டைக்குள் கங்கு நாட்கணக்கில் இருந்து, ஒரு நண்பகல் காற்றில் எழும். அதனால் கோடு எடுத்தபின் குறைந்தது ஒரு வாரம், மழை வராவிட்டால் அதற்கும் மேல், தினமும் முற்பகலில் முழுக் கோட்டையும் நடந்து கூட்ட வேண்டும். கோட்டிலிருந்து இருபது மீட்டருக்குள் புகையும் ஒவ்வொரு கட்டையையும் பிளந்து, மண் போட்டுக் கிளறி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த கட்டைக்குப் போக வேண்டும்.